மைனஸ் 18ஐ 238னு காட்டுற உங்க டிரைவர் (சிப்ப படிக்கிற சாஃப்ட்வேர்) பத்தி புகார்

வணக்கம் சார்,

போன மாசம் உங்ககிட்ட வாங்குன டெம்பரேச்சர் லாகர் (அளந்து பதிஞ்சு வைக்கிற) போர்டு பத்தி இது மூணாவது மெயில். முதல் ரெண்டுக்கும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாருங்கன்னு ஒரே பதில்தான் வந்துச்சு, பண்ணியாச்சு, ஒண்ணும் மாறல.

எங்க அண்ணன் ஐஸ்கிரீம் ஏஜென்சி வச்சிருக்காரு, அவரோட கோல்டு ரூம்லதான் இத மாட்டுனோம். வெளிய டேபிள் மேல வச்சப்ப 31 டிகிரின்னு கரெக்டா காட்டுச்சு, சரி நல்ல பொருள்தான்னு உள்ள மாட்டி கதவ சாத்துனா, 0க்கு கீழ போன உடனே 255க்கு குதிச்சு அப்புறம் மெதுவா எறங்கி 238ல நின்னுடுச்சு. ராத்திரி 2 மணிக்கு அலாரம் எஸ்எம்எஸ், அண்ணன் கைலியோட பைக்க எடுத்துட்டு ஓடிப் போய் கதவ தெறந்தா மூஞ்சில குளிர் அடிக்குது, பழைய டயல் மீட்டர் மைனஸ் 18ல நிக்குது. 238 டிகிரில வடையே கருகிடும் சார், ஐஸ்கிரீம் எப்படி இருக்கும்?

சிப் மேல தப்பு சொல்ல முடியாது. எல்எம்75 வகை டெம்பரேச்சர் சென்சார் அது, மைனஸ் 55ல இருந்து 125 வரைக்கும்தான் அளக்கும். நானே ஐ2சி பஸ்ல (சிப்போட பேசுற ஒயர் லைன்) டெம்பரேச்சர் ரெஜிஸ்டர, அதாவது சிப் அளந்தத வச்சிருக்குற எடத்த, நேரா படிச்சேன், மேல் பைட்டு 238, கீழ் பைட்டு 0. மைனஸ் நம்பர பிட்டுல எழுதுற டூஸ் காம்ப்ளிமென்ட் முறைல மேல் பிட்டு 1னா மைனஸ், 238ல 256 போனா மைனஸ் 18, டயல் மீட்டர் சொன்ன அதே கணக்கு. உங்க டிரைவர் இத சைன் இல்லாத (மைனஸே வராத) 16 பிட் நம்பரா எடுத்துக்குது, அதான் ஃபைல்ல 238000 மில்லிடிகிரின்னு வருது. சோர்ஸ் கோட் பாக்காமலே சொல்றேன், யு16னு (சைன் இல்லாதது) இருக்குற எடத்துல எஸ்16னு (சைன் உள்ளது) மாத்துனா சரியாயிடும். பைட் ஆர்டர் (எந்த பைட்டு முதல்லங்கிறது) ஒழுங்காத்தான் மாத்தியிருக்கீங்க, முக்கால்வாசி பேரு அதுலதான் வழுக்குவாங்க, அத தாண்டி வந்து இதுல விழுந்துருக்கீங்க. ஏசி ரூம்லயே டெஸ்ட் பண்ணா எப்படி தெரியும்?

நானே திருத்திக்கலாம்னா கம்பைல் பண்ண (திருத்த முடியாத) டிரைவர் மாட்யூல் மட்டும்தான் குடுத்திருக்கீங்க. லைசென்ஸ் ஜிபிஎல்னு (ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்) அதுலயே போட்டிருக்கு, அப்ப வாங்குனவன் கேட்டா சோர்ஸ் குடுக்கணும்ல?

ரீஃபண்ட் வேணாம். சோர்ஸோ திருத்துன மாட்யூலோ இந்த வாரத்துக்குள்ள அனுப்புங்க. அண்ணன் இப்ப அலாரத்தையே ஆஃப் பண்ணிட்டாரு, நெஜமாவே கம்ப்ரஸர் நின்னா யாருக்கும் தெரியாது, சரக்கு உருகுச்சுன்னா பில்லு உங்களுக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
மூணு மெயில் போட்ட கஸ்டமர்