அவர் இந்திப் பாடகர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் காலமான ஜுபின் கார்க் பற்றிச் சென்ற இதழில் நான்கே வரி போட்டிருந்தீர்கள். அதில்கூட எனக்கு வருத்தமில்லை. 'யா அலி புகழ் இந்திப் பாடகர்' என்று தொடங்கியிருந்தீர்களே, அதுதான் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வங்கி வேலையாக 1999 முதல் 2006 வரை அசாமின் ஜோர்ஹாட்டில் இருந்தவன் நான். குவாஹாட்டியில் 'நைட் சூப்பர்' பஸ் ஏறினால் விடியவிடிய அவர் குரல்தான். 1992இல் வந்த அவருடைய 'அனாமிகா' கேசட்டை, நான் வாடகைக்கு இருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா நாடா தேயத் தேயப் போட்டுக் கேட்பார். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச அசாமிய மொழியும் அந்தப் பாட்டுகளில் பிடித்ததுதான். சித்திரையில் அசாமியப் புத்தாண்டுத் திருவிழாவான ரொங்காலி பிஹு வந்தால் அவர் மேடையேற நள்ளிரவாகிவிடும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சனம் காத்துக் கிடக்கும். கிதார் அதிர அதிர ராக் பாடுவார், அடுத்த பாட்டுக்கு பிஹு மேளமான டோல் முழங்கும். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன்.

2006இல் 'கேங்ஸ்டர்' இந்திப் படம் வந்து 'யா அலி' நாடெங்கும் ஒலித்தபோது வீட்டுக்காரம்மா சொன்னார்: "பதினாலு வருஷமா நம்ம வீட்ல பாடுற பிள்ளை. டெல்லிக்கு இன்னைக்குத்தான் கேட்டிருக்கு." அதே படத்தில் 'பீகி பீகி' பாடிய ஜேம்ஸ் வங்கதேசத்து ராக் பாடகர். அவரையும் இந்திப் பாடகர் என்றுதான் எழுதுவீர்களா?

இந்தியோடு எனக்குப் பகை இல்லை. பிஹு மேடையில் இந்திப் பாட்டு கூடாதென்று அசாமின் ஆயுதக் குழுவான உல்ஃபா மிரட்டியபோது எதிர்த்து நின்றவரே ஜுபின்தான்.

2011இல் அசாமின் பெரும் பாடகர் பூபேன் ஹசாரிகா மறைந்தபோதும் தங்கள் இதழில், அவர் இசையமைத்த இந்திப் படத்தை வைத்து 'ருதாலி இசையமைப்பாளர்' என்றுதான் வந்தது. அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. வெள்ளமோ கலவரமோ வந்தால்தான் நம் பத்திரிகைகளுக்கு அசாம் நினைவு வருகிறது. வடக்கே வேலைபார்த்த ஊர்களில் எனக்குப் பெயரே இல்லை, 'மதராஸி'தான். அது எப்படிச் சுடும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதையே நாம் இன்னொருவருக்குச் செய்யலாமா?

செப்டம்பர் 23 அன்று குவாஹாட்டி அருகே காமர்குசியில் ஜுபினுக்குச் சிதை மூட்டியபோது சனங்கள் அழுதுகொண்டே பாடியது 'மாயாபினி', அவர்கள் மொழிப் பாட்டு. அன்றிரவு வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். அவரால் பேச முடியவில்லை. 'உங்க ஊர்ப் பத்திரிகையில் என்ன எழுதினாங்க' என்று நாளைக்கு அவர் கேட்டால் நான் எதைப் படித்துக் காட்டுவேன்?

அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் 'அசாமியப் பாடகர்' என்று திருத்தம் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி ஜோர்ஹாட்டுக்கு அனுப்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.