புறப்படும் முன் டயரின் வயதைப் பார்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். படுக்கையும் சமையல் மேடையும் அமைத்த வேன் ஒன்றைப் பழையதாக வாங்கிவிட்டாய் என்பதையும், கத்திரி தொடங்குவதற்குள் தங்கையை அழைத்துக்கொண்டு கோவையிலிருந்து புறப்பட்டு, ஏலகிரியில் தங்கி, வேலூர் வழியாக வடக்கே போகப்போகிறாய் என்பதையும் உன் கடிதத்தில் படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் வண்டி பல ஆண்டுகளாகக் கொட்டகையிலேயே நின்றதால் டயர்களில் பட்டன், அதாவது தரையைத் தொடும் வரிப்பகுதி, தேயவே இல்லை என்றும், அதனால் ஒரு பெருஞ்செலவு மிச்சமாயிற்று என்றும் எழுதியிருந்தாயே, அந்த இடத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் கேட்கவில்லை.

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி டயர்களோடுதான் கழிந்தது என்பது உனக்குத் தெரியும். பேருந்தின் டயர் ஓடித் தேய்ந்து தன் ஆயுளை முடிக்கும். உன்னுடையதைப் போன்ற வண்டியின் டயரோ தேயாமலே மூப்படையும். ரப்பரில் கீறல் விழாமல் இருப்பதற்காக அதில் கலக்கப்படும் மெழுகும் பிற காப்புப் பொருள்களும் டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வரும். நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தக் காப்பு கிடைப்பதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்க, உள்ளே கம்பியிழைக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பு வெளியே தெரியாமலே தளர்ந்துவிடும். பட்டனைப் பார்த்து இவற்றை அறிய முடியாது.

ஆகவே முதலில் டயரின் வயதைப் பார். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2217 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அந்த எண் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால், வெளியே காணவில்லை என்று விட்டுவிடாமல் வண்டிக்கு அடியில் படுத்தாவது பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் ஆனபின் ஆண்டுக்கொரு முறை தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும் என்பதும், பத்து ஆண்டுகள் ஆனால் பார்வைக்கு எப்படியிருந்தாலும் கழித்துவிட வேண்டும் என்பதும் டயர் நிறுவனங்கள் பல சொல்லும் வரம்பு. நம் ஊர் வெயிலையும் இந்த வண்டி சுமக்கும் பாரத்தையும் எண்ணி, ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதை நான் நம்பமாட்டேன். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். புதிதாக வாங்கும்போதும் கடையில் வெகுநாள் கிடந்ததைத் தள்ளிவிடாதபடி எண்ணைப் படித்த பிறகே பணம் கொடு.

அடுத்தது எடை. வேனாக இருந்தபோது அதற்குக் கணக்கிட்ட பாரம் வேறு. கட்டில், குளிர்பதனப் பெட்டி, மின்கலங்கள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏறியபின் இருக்கும் பாரம் வேறு. 200 லிட்டர் தொட்டி நிறைந்தால் அதுவே 200 கிலோ. அது ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கத்து டயர்கள்தான் அதைச் சுமக்கும். ஆகவே தண்ணீரும் டீசலும் நிரப்பி, பயணத்துக்கான பொருள்களையும் ஏற்றிக்கொண்டு ஓர் எடை மேடைக்குப் போய் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்திப் பார். மேடைக்காரர் இசைந்தால் இடம் வலமாகவும் பார்த்துவிடு. டயரில் பாரக் குறியீடு 116/114 என்று இருந்தால், தனியாகப் போடும்போது 1250 கிலோவும், இரட்டைச் சக்கரமாகப் போடும்போது ஒவ்வொன்றும் 1180 கிலோவும் தாங்கும் என்று பொருள். எடைச் சீட்டை அதோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கிவிடும்.

டயர் வெடிப்பதற்குக் காற்று கூடிப்போவதே காரணம் என்று நம்மூரில் பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் காற்றுக் குறைவுதான் காரணம். கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அந்த இடம் சூடாவதைப் போல, காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி நெளிந்து சூடேறி, ஒட்டு விட்டு, கடைசியில் கிழிகிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் பட்டன் பகுதி உரிந்து பலர் இறந்து, ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்ததே, அதில் டயரின் குறையோடு குறைந்த காற்று, மிகுந்த பாரம், அரிசோனா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களின் வெயில் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. அந்த மூன்றும் உன் பயணத்திலும் எளிதாக ஒன்றுகூடும்.

காற்றை விடியற்காலையில், வண்டி ஓடுவதற்கு முன், உன் சொந்தக் காற்றழுத்த மானியைக் கொண்டு பார். டயரைக் கம்பியால் தட்டி ஓசையை வைத்துச் சொல்வது லாரிக்காரர்களின் பழைய வழக்கம். அதில் முற்றிலும் காற்றுப் போனது தெரியுமே தவிர, அழுத்தம் பத்து பதினைந்து பிஎஸ்ஐ அளவு குறைந்தது தெரியாது. வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் அழுத்தம் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும் என்பதால், நண்பகலில் வாணியம்பாடியில் நிறுத்தி, கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதே. பின்னால் இரட்டைச் சக்கரம் என்று எழுதியிருக்கிறாய். உள் டயரின் வால்வு கைக்கு எட்டாததால் அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதில் காற்றுப் போனால் வெளி டயர் இரண்டின் பாரத்தையும் சுமந்து அதுவும் கெடும். வால்வை நீட்டும் குழாயைப் பொருத்திக்கொள். வால்வில் திருகி வைக்கும் அழுத்த உணரிகள் இப்போது கிடைக்கின்றன. இந்தப் பயணத்துக்கு அதைவிட நல்ல செலவு இல்லை என்பேன். உரிய அளவில் 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து ஓடிய டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்காமல் மீண்டும் காற்றடிக்க விடாதே. அடிக்கும்போதே பக்கச் சுவர் கிழிந்து அருகில் நிற்பவரைக் கொன்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வெடித்தால், குறிப்பாக முன் டயர் வெடித்தால், பிரேக்கை மிதிக்காதே. கால் தானாகவே அங்கே போகும் என்பதால், இதை இப்போதே மனத்தில் பதித்துக்கொள். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்து நேராக வைத்து, ஆக்சிலரேட்டரில் இருக்கும் காலைச் சட்டென்று எடுக்காமல் ஒரு நொடி அப்படியே வைத்திரு; வண்டியின் முன்னோட்டம் பக்கவாட்டு இழுப்பை எதிர்த்து நிற்கும். பிடி கைக்கு வந்ததும் மெல்லக் காலை எடுத்து, வேகம் தானாகத் தணிந்தபின் இடப்புறம் ஒதுங்கு. இருவரும் சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நின்று, எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைத்து, தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033ஐ அழை. போக்குவரத்துப் பக்கத்துச் சக்கரத்தை நெடுஞ்சாலை ஓரத்தில் நீயே மாற்ற முனையாதே. உரியும் டயரின் பட்டை வண்டியின் அடிப்பகுதியை அடித்துக் கிழிக்கும். அங்கே உனக்குத் தண்ணீர்க் குழாயும் சமையல் எரிவாயுக் குழாயும் போகின்றன. ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்க வேண்டும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தாழ்ந்த கியரில் வா. பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்கு ஏறும் என்பதால், அடிவாரத்தில் சற்று நேரம் வண்டியை ஆறவிட்ட பிறகே நெடுஞ்சாலைக்கு வா. விடியலில் கிளம்பி, வெயில் ஏறுமுன் ஆம்பூர், பள்ளிகொண்டா தாண்டி இங்கு வந்துவிடலாம். 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம்.

ஏழு டயர்களின் நான்கு இலக்க எண்களையும் எடைச் சீட்டின் நகலையும் புறப்படும் நாளைக் குறிப்பதற்கு முன்பே எனக்கு அனுப்பு. எந்த அழுத்தம் வைக்க வேண்டும் என்று கணக்கிட்டு எழுதுகிறேன். தங்கைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்