ஜப்பானிய மொழி கற்போர் வட்டம், நாகர்கோவில்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், எண்ணிக்கையில் அவர்கள்தான் கூடுதல்.

ஞாயிறு வகுப்புகள் மழை நாட்கள் நீங்கலாக நடந்தன. ஜூலை, டிசம்பர் தேர்வுகளுக்குச் சென்னை போனவர்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தோம்.

அப்புறம் கான்ஜி பட்டியல், அதாவது ஜப்பானிய மொழி எழுதப் பயன்படும் சீன எழுத்துகளுக்குத் தமிழில் பொருள் எழுதும் வேலை. ‘செயலாளர் ஒரு வருஷமாக என்னதான் செய்தார்’ என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளியின் ஆறு வகுப்புகளில் 1,026 கான்ஜி எழுத்துகள் கற்பிக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் ஜிம் பிரீன் தொடங்கிய ‘கான்ஜிடிக்’ தரவுக் கோப்பில் 13,108 எழுத்துகள் இருக்கின்றன. பொருள் ஆங்கிலத்தில் உண்டு, பிரெஞ்சில் உண்டு, ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் உண்டு, தமிழில் இல்லை. தமிழை நாம் சேர்ப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் சொன்னேன், கைதட்டினீர்கள். முதல் இரண்டு வகுப்புகளின் 240 எழுத்துகளையும் ஆளுக்கு இருபதாகப் பன்னிரண்டு பேர் வாங்கிப் போனீர்கள். சொன்ன நாளில் திருப்பித் தந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேருக்கு விசா வந்தது. அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் தந்தது கடையில் விற்கும் புத்தகத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியது. பிறர் பதிப்புரிமை உள்ளதை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவில் சேர்க்க முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நானே எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் இதுதான்.

லேசான வேலையும் அல்ல. ‘நமா’ என்று படிக்கும் எழுத்துக்கு ‘சமைக்காத’ என்று பொருள் எழுதி வந்தது. மீன்காரரிடம் நாம் அப்படியா கேட்கிறோம்? ‘பச்சை’ என்று மாற்றினேன். கிளிஞ்சலைக் குறிக்கும் எழுத்துக்கு குளச்சல் உறுப்பினர்கள் சிப்பி என்றார்கள், நான் சோழி என்றேன். பழைய சீனத்தில் சோழிதான் காசு. அதனால்தான் ‘வாங்கு’ என்ற எழுத்தின் அடியிலும் அது உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் இரண்டையும் போட்டோம்.

ஓர் எழுத்தின் கோடுகளை எந்த வரிசையில் போடுவது என்று காட்ட, உல்ரிச் ஆப்பெல் தொடங்கிய ‘கான்ஜிவிஜி’ படங்களை அச்சிட்டோம். ‘இடது’ எழுத்துக்கு முதலில் படுக்கைக் கோடு, ‘வலது’ எழுத்துக்கு முதலில் சாய்வுக் கோடு. வகுப்பில் என்னோடு வாதாடியவர்கள் சுவரில் பார்த்துக்கொள்ளலாம்.

‘பாடுபட்டதைச் சும்மா ஏன் கொடுக்கணும்’ என்று ஒருவர் கேட்டார். நாமும் சும்மாதான் எடுத்தோம். மூலத்தின் பெயரைச் சொல், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிடு என்பதுதான் அவற்றின் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற திறந்த உரிமத்தின் நிபந்தனை. ஆனால் ஒரு பயிற்சி நிலையம் நம் பட்டியலை அச்சடித்து விற்கிறது. விற்பதற்குத் தடையில்லை. ஜிம் பிரீன் பெயரையும் நம் பெயரையும் எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டதுதான் தப்பு. கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடன் இல்லை, கையிருப்பு என்று பெருமையாகச் சொல்லவும் இல்லை. சந்தாவுக்கு ஜப்பானிய மொழியில் ‘கைஹி’ என்று பெயர். அதன் இரண்டாம் எழுத்தின் அடியிலும் அதே சோழிதான். பாக்கிக்காரர்கள் சோழியாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதாகப் பொருளாளர் சொல்கிறார். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

மாடி அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், அச்சகத்தாருக்கும், தேநீர் போட்டவர்களுக்கும் நன்றி.

மூன்றாம் வகுப்பில் 200 எழுத்துகள். ஆளுக்கு இருபது என்றால் பத்துப் பேர் போதும். இந்த முறையும் தனியாகச் செய்ய என் கண் ஒத்துழைக்காது. வேறு யாராவது செயலாளராக வந்தால் கோப்புகளைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன், அதை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர்