ஐந்து பத்துக்கு ஊற்றிய பால்

அன்புள்ள கலா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாட்ஸ்அப்புக்கே நான் இன்னும் பதில் போடவில்லை. மாசி பிறந்துவிட்டது. கோபமாக இருப்பாய், நியாயம்தான். கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. சின்னவன் பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி மூடிக் கிடக்கிறது. பென்சில் சாரை ஈரோடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், வழக்கம்போல உன்னைத்தான் முதலில் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா வாசலில் பால் எடுக்கிறாரே, அதற்கு நான் எழுதிக் கொடுத்த ஆப் ஞாபகம் இருக்கிறதா? யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) எவ்வளவு, அதற்கு என்ன விலை, எல்லாம் ஒரே பக்கத்தில். "கணக்கு எங்கேடி உட்காருது?" என்று நீ அன்றைக்கே கேட்டாய். "பிரவுசர்லதான், லோக்கல் ஸ்டோரேஜ்ல" என்றேன், அதாவது பெரியப்பாவின் டேப்லெட்டுக்குள்ளேயே. நீ ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்தாய். அந்த மௌனம் இப்போதுதான் புரிகிறது.

கார்த்திகையில், டேப்லெட் மெதுவாக ஓடுகிறது என்று பெரியப்பா அதைக் கடைவீதியில் ஒரு பையனிடம் கொடுத்திருக்கிறார். அவன் நல்லெண்ணத்தில் பிரவுசரில் இருந்த ஹிஸ்டரி, கேச், சைட் டேட்டா எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிட்டான். 46 வீட்டின் 11 நாள் கணக்கு அதோடு போயிற்று. ஆப் வந்த பிறகு பெரியப்பா பால் அட்டையில் எழுதுவதை விட்டிருந்தார். என்னை நம்பித்தான் விட்டார், கலா.

வீடு வீடாகப் போனேன். சிலர் காலண்டரில் குறித்து வைத்திருந்தார்கள். மேட்டுத் தெரு ஆயா அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். வேளைக்கு ஒன்றாகக் கரிக்கோடு. "எண்ணிக்கோ கண்ணு" என்றார். எண்ணினேன், 21. இருபத்திரண்டாவது ஏன் இல்லை என்றால், ஒரு சாயங்காலம் மாடு காலை உதறிப் பாலைக் கொட்டிவிட்டதாம். கொட்டிய பாலுக்குக் கோடு போடாத மனுஷி. முந்தைய பட்டுவாடாச் சீட்டில் இருந்த அளவையும் கொழுப்பையும் வைத்து அவருக்குக் கணக்குப் பார்த்தோம். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கரிச்சுவருக்கு இருந்த உறுதி நான் எழுதிய புரோகிராம் கோடுக்கு இல்லை.

மூன்று மாதமாக இதே வேலைதான். பக்கம் பழையபடியே இருக்கிறது. பின்னால் ஒரு வாடகை சர்வர், அதில் என் புரோகிராமை ஓட்ட நோட், அதற்கும் பின்னால் கணக்கை வைக்கும் டேட்டாபேஸ், போஸ்ட்கிரஸ். டேப்லெட் நேராக டேட்டாபேஸிடம் பேசாது. பேச வைத்தால் பாஸ்வேர்டைப் பக்கத்தின் கோடிலேயே வைக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். விலை போடுவதையும் சர்வருக்கு மாற்றிவிட்டேன். டேப்லெட் லிட்டரையும் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்பையும் மட்டும் அனுப்பும்.

முதல் இரண்டு நாள் கார்ஸ், அதாவது வேறு இடத்துச் சர்வரின் பதிலைப் பக்கத்துக்குக் கொடுக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி, என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. பக்கம் 5173-ஆம் போர்ட்டில், அதாவது வாசல் எண்ணில், சர்வர் 3000-இல். இரண்டும் என் லேப்டாப்தான், ஆனாலும் போர்ட் வேறு என்றால் பிரவுசருக்கு அது அந்நிய வீடு. சர்வர் பதிலை அனுப்பிவிடுகிறது, பிரவுசர் அதை என் கோடிடம் கொடுக்க மறுக்கிறது. நானோ சர்வரில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அனுமதியில் நட்சத்திரம் போட்டு எல்லோரையும் உள்ளே விட மனசு வரவில்லை. ஊரில் ஓடும்போது, வருவதைப் பிரித்து அனுப்பும் என்ஜின்எக்ஸை முன்னால் வைத்து, பக்கத்தையும் அது பேசும் சர்வர் பகுதியான ஏபிஐயையும் ஒரே டொமைனில் போட்டேன். அந்தச் சண்டை முடிந்தது.

அடுத்தது ஃபெட்ச், பக்கம் சர்வரோடு பேசும் கட்டளை. சர்வர் 500, அதாவது "என்னிடம் கோளாறு", என்று பதில் சொன்னாலும் அது எரர் என்று தூக்கிப் போடாது என்பது எனக்குத் தெரியாது. நெட் அறுந்தது போல, பதிலே கைக்கு வராதபோதுதான் தூக்கிப் போடும். அதனால் டேட்டாபேஸ் டேபிளில் ஒன்றுமே ஏறாதபோதும் திரையில் பச்சையாக "பதிவானது" என்று வந்துகொண்டிருந்தது. ரெஸ்பான்ஸில் ஓகே இருக்கிறதா என்று பார்த்த பிறகே இப்போது பச்சை வரும்.

இதையெல்லாம் விட, ஐந்து பத்துக்கு ஊற்றிய பால்தான் என்னை ஆட்டி வைத்தது. வரிசையில் முதல் நாலைந்து பேருக்கு மட்டும் இன்று காலை ஊற்றியது நேற்றைய தேதியில் ஏறி, இன்று ஊற்றவே இல்லை என்று காட்டியது. பின்னால் வந்தவர்களுக்கு எல்லாம் சரி. சாணம் மிதித்த காலோடு வாசலில் நின்று யோசித்தேன். தேதிக்கு டூஐஎஸ்ஓஸ்டிரிங் என்ற கட்டளையைப் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டியிருந்தேன். அது தருவது யூடிசி நேரம், உலகப் பொது நேரம். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நம் காலை 5:10, யூடிசிக்கு முந்தைய நாள் ராத்திரி 11:40. ஐந்தரைக்கு முன்னால் ஊற்றிய பால் மொத்தமும் நேற்றைய பால்! பகலில் உட்கார்ந்து எத்தனை தடவை சோதித்தாலும் இது சிக்காது. இப்போது நேரத்தை, எந்த ஊர் நேரத்துக்கும் மாற்றக்கூடிய டைம்ஸ்டாம்ப்டிஇசட் ஆக வைத்து, தேதி பிரிக்கும்போது ஆசியா/கொல்கத்தா என்று சொல்லிப் பிரிக்கிறேன்.

அப்புறம், எங்கள் தெருவில் சிக்னல் ஒரு கோடுதான். டேப்லெட் அனுப்பியது, சர்வர் எழுதிவிட்டது, "எழுதிவிட்டேன்" என்ற பதில் வழியிலேயே தொலைந்தது. டேப்லெட் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்ப, 6.4 லிட்டர் இரண்டு தடவை ஏறியது. அதிகமாக வந்தால் யாரும் புகார் சொல்ல வரமாட்டார்கள் என்று நினைப்பாய். அந்த அக்காவே வந்து சொன்னார். இப்போது பால் அளந்த நொடியிலேயே டேப்லெட் அந்தப் பதிவுக்கு ஒரு அடையாள எண் போட்டுவிடும். டேபிளில் அந்த எண் உட்காரும் பத்திக்கு யுனீக், அதாவது ஒரே எண் இரண்டு தடவை வரக் கூடாது. அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸ் இரண்டாவது வரி போடாது, சர்வர் மட்டும் "முன்பே இருக்கிறது" என்று சொல்லும். சர்வரின் பதில் கைக்கு வரும்வரை பதிவு டேப்லெட்டிலும் இருக்கும். லோக்கல் ஸ்டோரேஜ் இன்னும் இருக்கிறது, ஆனால் இப்போது அது திண்ணை மட்டும்தான்.

ராத்திரி பதினொன்றுக்கு, டேட்டாபேஸை முழுதாக நகலெடுக்கும் பிஜி டம்ப் ஓடி, பேக்கப் வேறொரு இடத்துக்குப் போகிறது. பெரியப்பாவும் மறுபடி அட்டையில் எழுதுகிறார், நானே எழுதச் சொன்னேன்.

இப்போது என் கவலை வேறு. முன்பு கணக்கு ஒரு டேப்லெட்டில் மாட்டியிருந்தது, இப்போது என் ஒருத்தியிடம் மாட்டியிருக்கிறது. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். பேக்கப்பைத் திரும்ப ஏற்றும் வழியும் எனக்கு மட்டும்தான் தெரியும், அதையும் ஒரே ஒரு தடவைதான் செய்து பார்த்திருக்கிறேன். நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த 46 வீட்டுக்கும் பட்டுவாடா என்ன ஆகும்?

அதனால் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். சென்னையில் அத்தனை சர்வரைக் கட்டி மேய்க்கிறாய், எனக்காக ஒரு நாள் வாயேன். ஒன்றுமே இல்லாத ஒரு லேப்டாப், முந்தின ராத்திரி பேக்கப், நான் எழுதி வைத்திருக்கும் இரண்டு பக்கக் குறிப்பு, இவ்வளவுதான் தருவேன். நான் பக்கத்தில் வரமாட்டேன், வாயும் திறக்க மாட்டேன். நீயாகவே ஆயாவின் கணக்கை எடுத்துக் காட்டிவிட்டால் எனக்கு நிம்மதி. எங்கே தடுக்குகிறாயோ அங்கே குறிப்பைத் திருத்துவேன்.

பெரியப்பாவின் செவலை இந்த மாதக் கடைசியில் கன்று போடும். அதை ஒட்டி வந்தால் சீம்பால் கிடைக்கும். எந்த வாரம் என்று மட்டும் எழுது.

உன்,
இந்திரா