செயலாளரின் ஆண்டறிக்கை: எந்த அடுக்கில் கிடைத்தது?

தலைவர் அவர்களுக்கும், நம் தொல்லுயிர்ப் படிவச் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நடந்த வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

மாதக் கூட்டங்கள் மழைக்காலம் நீங்கலாக ஒழுங்காக நடந்தன. பள்ளிக் கண்காட்சியில் நம் மேசைக்கு நல்ல கூட்டம். வந்தவர்கள் அம்மோனைட்டை, அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன ஒரு கடலுயிரின் கல்லான படிவத்தை, கையில் எடுத்ததும் கேட்டது ஒன்றுதான்: "இது எத்தனை வருஷத்துக் கல்லுங்க?"

அதற்குப் பதில் தேடித்தான் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குப் போனோம். மழை அரித்துப் பிளந்த களிமண் மேடுகள், நடுநடுவே வெயிலில் மின்னும் ஜிப்சம் சில்லுகள், தோட்டா போல உதிர்ந்து கிடக்கும் பெலம்னைட்டுகள் (கணவாய் போன்ற பழைய கடலுயிரின் படிவங்கள்). எல்லோருக்கும் ஓடைக்குள் கிடப்பதைப் பொறுக்கத்தான் கை போகிறது. ஆனால் ஓடையில் கிடப்பது எந்த அடுக்கிலிருந்து உருண்டு வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? சரிவில் பாதி புதைந்து நிற்கிறதே, அதுதான் காலம் சொல்லும்.

நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862-இல் வெளியிட்ட ஆய்வில் இப்பகுதிக் கடற்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவற்றில் கிடைத்த படிவங்களைத் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிக்ஸ்கா விவரித்தார். கதிரியக்கத்தை வைத்துப் பாறையின் வயதைக் காணும் கணக்கு எதுவும் அப்போது கிடையாது. எது மேலே, எது கீழே, எதில் எந்த உயிர் என்பதுதான் ஆதாரம். அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் தோன்றி, கடல் கடந்து பரவி, சீக்கிரம் மறைந்தவை. அதனால் இங்குள்ள அடுக்கை ஐரோப்பிய அடுக்கோடு பொருத்த முடிந்தது. ஆண்டுக் கணக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் உள்நாட்டுக் கடற்படிவுகளில் அம்மோனைட் அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் படிந்திருக்கிறது; அதிலுள்ள தாதுக்களை அளந்துதான் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் அடுத்தடுத்த இரு பகுதிகளான செனோமேனியன், டுரோனியன் ஆகியவற்றின் எல்லை சுமார் 9.39 கோடி ஆண்டுக்கு முந்தையது என்கிறார்கள்.

அப்புறம் வேதியியல். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்து, கடல்நீரில் கரைந்திருக்கும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தை வைத்து வயது காண்பது பற்றிப் பேசினார். இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அதுதான் என்பது என் கருத்து. எடையில் வேறுபடும் அதன் இரு வகைகளான ஸ்ட்ரான்சியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் ஒரு காலகட்டத்தில் உலகக் கடல் முழுவதும் ஒன்றாகவே இருக்கும், காலத்துக்குக் காலம் மாறும். சிப்பி அதைத் தன் ஓட்டில் பதித்துக்கொள்ளும். டுரோனியன் வாக்கில் ஏறத்தாழ 0.7073, கிரெட்டேசியஸ் முடிவில் 0.7078, இன்றைய கடலில் 0.7092. ஆனால் ஓட்டுக்குள் பிற்காலத்தில் நிலத்தடி நீர் புகுந்திருந்தால் அளவு கெட்டுவிடும். அதனால் அந்த நீர் கொண்டுவந்து சேர்க்கும் மாங்கனீஸ் ஓட்டில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்கிறார்கள். கூடுதலாக இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். பெலம்னைட்டும் சிப்பியும் கால்சைட் என்ற உறுதியான சுண்ணாம்புத் தாது என்பதால் தாக்குப்பிடிக்கும். அம்மோனைட் ஓடு அரகோனைட் என்ற இன்னொரு சுண்ணாம்புத் தாது, எளிதில் உருமாறிவிடும்.

இன்னொரு சிக்கல், இந்த விகிதம் டுரோனியன் வரை இறங்கி, பிறகு ஏறியது. ஆகவே 0.7074 என்று வந்தால் அது இறக்கத்திலும் பொருந்தும், ஏற்றத்திலும் பொருந்தும். எந்தப் பக்கம் என்று கேட்க மறுபடி அம்மோனைட்டிடம்தான் போக வேண்டும். எந்திரம் வந்துவிட்டது, இனிப் படிவம் எதற்கு என்று கூட்டத்தில் கேட்டவருக்கு இதுவே பதில்.

இதையெல்லாம் யோசித்துத்தான் செயற்குழு ஒரு தீர்மானம் வைக்கிறது: இனி சங்க அலமாரிக்கு வரும் ஒவ்வொரு படிவத்தோடும் ஊர், அடுக்கு, அடித்தளத்திலிருந்து உயரம், பதிந்திருந்ததா உதிர்ந்து கிடந்ததா என்ற விவரச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாதவை எவ்வளவு அழகாக இருந்தாலும் தனித் தட்டுக்குப் போகும். சில உறுப்பினர்களுக்கு வருத்தம் இருக்கும், சரி, பேசிக்கொள்ளலாம்.

அடுத்த பயணத்துக்குக் கல்லக்குடிப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் வாட்ஸ்அப்பில் போடுகிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.