அம்மாவுக்கு, அந்த மஞ்ச கோட்டு விஷயமா

அம்மா,

போன்ல சொன்னா நீ பாதில வச்சிடுவ, அதான் டைப் பண்றேன், கண்ணாடிய போட்டுக்கிட்டு மெதுவா படி. தம்பிய படிச்சு காட்ட சொல்லாத, அவன் நடுவுல நடுவுல சிரிப்பான்.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல என் மஞ்ச கோட்ட பாத்துட்டு நல்லாருக்குடி எவ்ளோன்னு கேட்ட, ஆறு பவுண்டுன்னதும் பரவால்லயேன்ன, பழைய துணி கடைல எடுத்தேன்னு சொன்னதும் உன் மூஞ்சி போன போக்க பாக்கணுமே. "யார் போட்டதோ, செத்தவங்க துணியா இருந்தா என்னடி பண்ணுவ"ன்னு கேட்டுட்டு குக்கர் விசில் வருதுன்னு எழுந்து போயிட்ட. எனக்கு விசிலே கேக்கலம்மா.

காசில்லாம போடறேன்னு மட்டும் நெனச்சுக்காத. ரெண்டு பேர் சம்பளம் வருது, வாடகைக்கு பாதி போகுது, மிச்சத்துல ஒரு கோட்டு வாங்க முடியாமலாம் இல்ல. மொத வருஷம் புதுசாத்தான் வாங்கினேன், கருப்பு கலர்ல மெத்த மாதிரி ஒரு ஜாக்கெட். இங்கிலாந்துல நாங்க இருக்கற இந்த லட்லோ எவ்ளோ சின்ன ஊர்னு உனக்கு தெரியாது, மொத்தமே பத்தாயிரம் சொச்சம் ஜனம், மகாமகத்தன்னிக்கு நம்ம கொளத்துல ஒரு பக்க படிக்கட்டுல அதவிட கூட்டம் நிக்கும். மேட்டுல ஒரு பழங்கால கோட்டை, அது வாசல்ல வாரத்துல நாலு நாள் சந்தை, கீழ டீம்னு ஒரு ஆறு, நடுவுல சரிவா நாலஞ்சு தெரு, அவ்ளோதான் ஊர். டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், தெருவுல போறவங்க பாதி பேர் கருப்பு, சாம்பல், கருநீலம், நானும் அதே கருப்புல அதே இருட்டுல வேலைக்கு போவேன் வருவேன். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு ஈ காக்கா என்ன திரும்பி பாக்கல. நம்ம தெருவுல பால் வாங்க போனாலே நாலு பேர் என்ன ஏதுன்னு கேப்பாங்கல்ல, அந்த ஞாபகத்துலயே எனக்கு பாதி நாள் அழுகையா வரும், உன்கிட்ட சொல்லல.

இங்க பழைய துணி கடைக்கு சாரிட்டி ஷாப்னு பேரு. நம்ம ஊர்ல பழைய துணி போட்டு பாத்திரம் வாங்குவோமே அந்த மாதிரி இல்ல. ஜனங்க வீட்ல வேணாங்கற துணி, கோப்பை, புஸ்தகம் எல்லாத்தையும் சும்மா கொண்டு வந்து குடுத்துடுவாங்க, வித்த காசு கேன்சர் ஆராய்ச்சிக்கோ இதய நோய்க்கோ அநாதை நாய்ங்களுக்கோ போகும். கல்லாவுல நிக்கறவங்கள்ல முக்காவாசி பேர் ரிட்டயர் ஆன பாட்டிங்க, சம்பளம் கெடையாது. குடுக்கறவங்க இங்க வரி கட்டறவங்களா இருந்து ஒரு ஃபாரத்துல கையெழுத்து போட்டா, அவங்க பொருள் ஒரு பவுண்டுக்கு வித்தா கவர்மெண்ட் கூட 25 பென்ஸ் போட்டு குடுக்குமாம்.

சரி கோட்டு கதைக்கு வரேன், நீ தைக்கறவ, உனக்கு இத சொன்னாத்தான் புரியும். நான் கலர பாத்து எடுக்கல. நீ துணிக்கடைல ஓரத்த புரட்டி பாப்பியே, கடைக்காரன் மொறைச்சாலும் விட மாட்டியே, அதே மாதிரி உள்பக்கத்த புரட்டினேன். சுத்தமான கம்பளி, உள்ள வழவழன்னு லைனிங், கீழ ஓரம் முழுக்க வெளிய நூலே தெரியாம ஹெம்மிங், பக்கத்து தையல்ல ஒரு இன்ச்சுக்கு மேல துணி விட்டிருக்கு, நீ ஜாக்கெட்ல பின்னாடி பிரிச்சு விடலாம்னு விடுவியே அந்த மாதிரி. இப்ப வர்ற துணில எங்கம்மா விடறான், ஓவர்லாக் அடிச்சு ஒட்ட வெட்டிடறான். கழுத்துல செயின்ட் மைக்கேல்னு லேபிள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைக்காரங்க 1928ல இருந்து அந்த பேர்லதான் வித்தாங்க, 2000த்தோட நிறுத்திட்டாங்க, அப்ப இது எப்படியும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்துனது. சைஸ் 14னு போட்டிருந்தது, எனக்கு இப்ப கடைல 10 தான், ஆனா அளவெடுத்து தச்ச மாதிரி உக்காந்துச்சு. அந்த காலத்து 14 சின்னதாம், இப்ப ஜனங்க மனசு நோகக்கூடாதுன்னு நம்பர கொறச்சு போடறானுங்க போல.

கொண்டு வந்த அன்னிக்கே போட்டுக்கல, பயப்படாத. கம்பளில அந்துப்பூச்சி முட்ட இருந்தா நம்ம போர்வையையும் சேத்து அரிச்சிடும், அதனால பிளாஸ்டிக் பைல இறுக்கி கட்டி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வைக்கணும். உன் மாப்பிள்ள ராத்திரி தேங்கா துருவல் எடுக்க ஃப்ரீசர தொறந்தவர், உள்ள மஞ்சளா ஒண்ணு கெடக்குதேன்னு கத்துனார். அப்புறம் டிரை கிளீனிங் போட்டேன், அது கோட்டு வெலையவிட ஜாஸ்தி ஆச்சு, அத உன்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம். வந்ததும் ஜன்னல்கிட்ட மாட்டி வச்சு, உள் ஓரத்துல துளி மஞ்சள் தடவி சாமி முன்னாடி வச்சுட்டுத்தான் போட்டேன். கோடித்துணி இல்லதான், இருந்தாலும் எனக்கு அப்படித்தான் வந்துச்சு.

அத போட்டுக்கிட்டு தெருவுல எறங்கின மொத நாளே ரோட்டுக்கு அந்த பக்கத்துல இருந்து ஒரு அம்மா "லவ்லி கோட்"னு கத்துச்சு. பஸ் டிரைவர் வெயில் வந்துடுச்சு வெயில் வந்துடுச்சுங்கறார். நம்ம ஊர் மாதிரியே எங்க எடுத்தன்னு கேக்கறாங்கம்மா, ஆறு பவுண்டுன்னு சொன்னா கேவலமா பாக்க மாட்டாங்க, உடனே தன் ஸ்கார்ஃப காட்டி இது ரெண்டு பவுண்டுன்னு பீத்திக்குவாங்க. நான் வேல பாக்கற கேர் ஹோம்ல, அதான் முதியோர் இல்லத்துல, எங்களுக்கு யூனிஃபார்ம்தான், ஒரே கருநீலம், அதுல சாக்ஸ மட்டும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அதனால இப்ப எங்கிட்ட கோடு போட்டது, புள்ளி போட்டது, முள்ளங்கி படம் போட்டதுன்னு பதினோரு ஜோடி இருக்கு. மறதி நோய் வந்த தாத்தா ஒருத்தர், என் பேர் அவருக்கு நிக்காது, தெனம் காலைல என் கால பாத்துட்டுத்தான் முகத்த பாப்பார்.

அங்கயே 93 வயசு பாட்டி ஒண்ணு இருக்கு, என் கோட்ட தடவி பாத்துட்டு அது சொன்ன கதை. 1941ல உலகப்போர் நேரத்துல இங்க துணிக்கு ரேஷன் போட்டாங்களாம், மொத வருஷத்துக்கு ஆளுக்கு 66 கூப்பன், லைனிங் வச்ச ஒரு நீள கோட்டுக்கே 14 போயிடுமாம். நம்ம ஊர்ல பொங்கலுக்கு ரேஷன் கடைல வேட்டி சேல சும்மா குடுக்கற மாதிரி இல்ல, இது கூப்பனும் குடுக்கணும் காசும் குடுக்கணும். 1949 வரைக்கும் இதே கததானாம். மடிப்பு இத்தன, பட்டன் இத்தனன்னு தையல்காரனுக்கும் சட்டம் போட்டிருந்தாங்களாம், உன்ன அங்க விட்டிருந்தா தெனம் சண்டதான். அவங்கம்மா கோட்ட பிரிச்சு திருப்பி தச்சு இவங்களுக்கு போட்டாங்களாம், அப்புறம் தங்கச்சிக்கு. எனக்கு அக்காவோட பாவாடைய நீ டக் புடிச்சு குடுத்தது ஞாபகம் வந்துச்சு, அப்ப அது பழசுன்னு நீ சொல்லவே இல்லயே.

அப்பாகிட்ட சொல்லு, ஆம்பள சட்ட வரிசைல ஒரு கட்டம் போட்ட சட்ட கெடச்சுது, அப்பா கைலி மாதிரியே செவப்பும் பச்சையும். லேபிள்ல மெட்ராஸ்னு போட்டிருக்கு! நம்ம பக்கத்து கட்டம் போட்ட பருத்தி துணிக்கு இங்கல்லாம் இன்னமும் அதான் பேரு. நீ சாயம் போகுதுன்னு கடைக்காரன்கிட்ட எத்தன தடவ சண்ட போட்டிருப்ப, 1960கள்ல அமெரிக்காவுல இந்த துணிக்கு சாயம் போகும்னு கேரண்டி குடுத்தே விளம்பரம் பண்ணிருக்காங்க, போகப் போக கட்டம் ஒண்ணோட ஒண்ணு கலந்து அழகாகுமாம். நாலு பவுண்ட், வாங்கிட்டேன், உன் மாப்பிள்ளைக்கு தொப்பைல பட்டன் போட முடியல, நான் போட்டுக்கறேன்.

செத்தவங்க துணின்னு கேட்டியே. சில துணி அப்படித்தாம்மா, பொய் சொல்ல மாட்டேன். போன மாசம் எங்க ஹோம்ல ஒரு பாட்டி தவறிட்டாங்க, மகன் வந்து ரெண்டு போட்டோவும் கடிகாரமும் எடுத்துக்கிட்டு, துணிய நீங்களே சாரிட்டி ஷாப்ல குடுத்துடுங்கன்னுட்டார். நான்தான் மடிச்சு வச்சேன், அந்துருண்டை வாசன, உன் பீரோ வாசன. செவப்பு கம்பளி தொப்பி ஒண்ணு, அவங்களே பின்னினது, ஒரு பக்கம் கண்ணு எண்ணிக்க தப்பி கொஞ்சம் கோணலா இருக்கும். ரெண்டு பைய தூக்கிக்கிட்டு நானே நடந்து போய் குடுத்தேன். மூணு வாரம் கழிச்சு பஸ் ஸ்டாப்ல ஸ்கூல் பொண்ணு ஒருத்தி, பதினஞ்சு வயசு இருக்கும், அதே கோணல் தொப்பிய போட்டுக்கிட்டு ஃப்ரெண்டோட சிப்ஸ் தின்னுக்கிட்டு நின்னா. நான் ஒண்ணும் சொல்லல, பஸ் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்.

இப்ப உன்கிட்ட ஒரு வேல இருக்கு. கோட்ல அஞ்சு பட்டன், மூணாவது இல்ல. தையல் மிஷின் டிராயர்ல உன் பிஸ்கட் டப்பா இருக்குல்ல, அதுல தாத்தா ஸ்வெட்டர்ல இருந்து வெட்டி வச்ச பெரிய பழுப்பு பட்டன் ஒண்ணு கெடக்கும், நாலு ஓட்ட, ஒரு ரூபா காசவிட கொஞ்சம் பெருசு. சித்தி பையன் ஆவணில பர்மிங்ஹாம் வரான், எள்ளுப்பொடியோட அதையும் ஒரு கவர்ல போட்டு குடுத்துவிடு. காஜா அளவு கரெக்டா ஒரு இன்ச், டேப் வச்சு பாத்துட்டு அனுப்பு.