பந்தியில் நின்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்

மதுரை,
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய எக்செல் ஷீட்டை அக்கா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். புனேயில் உட்கார்ந்துகொண்டு, ஆபீஸ் வேலைக்கு நடுவில் இத்தனை பேரிடம் விலை விசாரித்து வைத்திருக்கிறாய். பார்த்துச் சந்தோஷப்பட்டேன் தாயி. போனில் பேசினால் பாதிப் பேச்சு விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மண்டபம், சாப்பாடு, டெக்கரேஷன், போட்டோ, மேளம் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் பேக்கேஜாகக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பணத்துக்காகச் சொல்லவில்லை. அந்த பேக்கேஜ்காரர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அடுப்படியில் நிற்கப்போவதும் அவரில்லை, நாயனம் வாசிக்கப்போவதும் அவரில்லை. அவருக்குக் கீழே யார் யார் வருகிறார்கள் என்பது முகூர்த்தத்தன்று விடியற்காலையில்தான் நமக்குத் தெரியும். அதற்கப்புறம் தெரிந்து என்ன செய்ய?

அக்கா கல்யாணத்தில் நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. அப்போது நீ காலேஜில் இருந்தாய், அன்றைக்கு முழுக்க மணவறைப் பக்கமே நின்றாய். சாப்பாட்டை ஒரு பெரிய கேட்டரிங்காரரிடம் கொடுத்திருந்தேன். அவர் ஆபீசுக்குப் போனபோது ஒரு தட்டில் எல்லாவற்றையும் வைத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். வத்தக்குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது. கையோடு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் குழம்பை வைத்த சரக்கு மாஸ்டர் அன்றைக்கு வேறு ஊரில் வேறு கல்யாணத்தில் இருந்தார். ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று இடத்தில் ஒத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பரிமாற இருபத்தைந்து பேர் என்றார்கள், வந்தது பதினாலு பேர்.

மூன்றாவது பந்தி வரைக்கும் சமாளித்துவிட்டார்கள். நான்காவது பந்தியில்தான் அவனியாபுரத்து அத்தை உட்கார்ந்தாள். விடிய நாலு மணிக்கு எழுந்து சீர்த்தட்டு அடுக்கியதிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தவள். இலை ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் இருந்தன, நடுவில் சோறு. சாம்பார் தண்ணியாக ஓடி இலை நுனி வரைக்கும் போனது. கூட்டும் பொரியலும் தீர்ந்துவிட்டது. வடையைக் கேட்டால் "வருது வருது" என்றார்கள், வரவே இல்லை. நான் ஓடிப்போய் ஒரு டம்ளரில் பாயசம் வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். அதற்குள் அத்தை இலையை மூடிவிட்டாள். தன் பக்கமாகத்தான் மடித்தாள். "வயிறு நிறைஞ்சிருச்சு தம்பி, நீ போய் வந்தவங்களக் கவனி" என்றாள். அந்த மடித்த இலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. உன் கல்யாணத்தில் ஒருவர்கூட அப்படி எழுந்து போகக்கூடாது.

அதனால் ஆவணி முழுக்க நான் ஒரு வேலை செய்தேன். பத்திரிகை வந்த ஒரு கல்யாணத்தையும் விடவில்லை. சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பாமல் கடைசிப் பந்தி வரைக்கும் நின்று பார்த்தேன். முதல் பந்தியில் எல்லாச் சமையலும் நன்றாகத்தான் இருக்கும். கடைசிப் பந்தியில் ரசம் சூடாக வருகிறதா, அப்பளம் நமுத்துப்போகாமல் இருக்கிறதா, பரிமாறுகிற பையன் இரண்டாம் முறை சோறு கேட்டால் முகம் சுளிக்கிறானா என்பதைப் பார்த்தால் போதும். ஒரு கல்யாணத்தில் கடைசியாக உட்கார்ந்தவர்கள் மண்டபத்து வாட்ச்மேனும் டிரைவர்களும். அவர்களுக்கும் எல்லாப் பதார்த்தமும் வந்தது. நேரே அடுப்படிக்குப் போய் மாஸ்டர் யார் என்று கேட்டேன். வயசானவர், இரண்டு மகன்களும் கூடவே வேலை செய்கிறார்கள். ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம்தான் எடுப்பாராம். தையில் நம்ம தேதியைச் சொன்னேன். காலண்டரைப் பார்த்து, "இன்னும் யாருக்கும் வாக்குக் கொடுக்கலை" என்றார்.

சாப்பிடுகிற இலைக்கு இவ்வளவு என்கிற இலைக் கணக்குக்கு அவர் ஒத்துக்கொள்வதில்லை, கூலிக்குத்தான் சமைக்கிறார். மளிகை, காய்கறி, பால், கேஸ், இலை எல்லாம் நாம் வாங்கிக் கொடுக்கவேண்டும். வேலை கூடுதல்தான். ஆனால் எண்ணெயும் பருப்பும் நெய்யும் எந்தக் கடையில் வாங்குவது என்பது நம்ம கையில் இருக்கும். லிஸ்ட் கொடுத்துவிடுகிறார். ஒரு கிலோ அரிசிக்கு எட்டிலிருந்து பத்து இலை என்று கணக்குப் போடுகிறார், அது சரியான கணக்கு. சித்தப்பாவும் நானும் முதல் நாள் காலையிலேயே சாமானை இறக்கி ஸ்டோர் ரூம் சாவியைக் கையில் வைத்துக்கொள்வோம். உனக்கு இலைக் கணக்கில் கொடுப்பதுதான் நிம்மதி என்றால் அதையும் யோசிக்கிறேன். அப்படிக் கொடுத்தால் குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம், கூட வந்தால் இலைக்கு எவ்வளவு, இலைக்கட்டைப் பிரிக்கும்போது நம்ம ஆள் ஒருவர் கூட நின்று எண்ணுவது, இதெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும். ரிசப்ஷனுக்கு ஜிகர்தண்டா கவுண்டர் போட்டிருக்கிறாய், ரொம்பச் சரி. பக்கத்தில் பருத்திப்பாலும் வைப்போம், புனேக்காரர்கள் குடித்துப் பார்க்கட்டும்.

இனி மண்டபம். நீ முதலில் டிக் அடித்திருக்கும் மண்டபத்துக்கு நேற்று அம்மாவும் நானும் போய் வந்தோம். மேடையும் ஹாலும் அழகாகத்தான் இருக்கின்றன. டைனிங் ஹாலில் நூற்றைம்பது இலைதான் போடமுடியும். இலை போட்டு, பரிமாறி, எழுந்து, மேஜை துடைத்து அடுத்த பந்தி உட்காருவதற்கு நாற்பது நிமிஷம் ஆகும். ரிசப்ஷனுக்கு ஆயிரம் பேர் என்றால் ஏழு பந்தி. ஆறரைக்கு ஆரம்பித்தாலும் முடிய ராத்திரி பதினொன்று தாண்டிவிடும். திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டாமா? உன் லிஸ்டில் மூன்றாவதாக இருக்கிற மண்டபத்தில் டைனிங் ஹால் பெரிசு, இருநூற்றைம்பது இலை போடலாம். நாலு பந்தியில் முடியும். ஹால் கொஞ்சம் பழசாகத் தெரியும், அதைப் பூவும் லைட்டும் பார்த்துக்கொள்ளும்.

முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன், ஸ்விட்ச் போர்டைப் பார்க்காமல் வருவேனா? ஜெனரேட்டர் ஏசிக்கும் சேர்த்து ஓடுமா, லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டுமா என்று முதல் மண்டபத்து மேனேஜருக்கே சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது மண்டபத்தில் எர்த்திங், பிரேக்கர் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, வெளியே போக மூன்று வழி இருக்கிறது. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2004 ஜனவரி 23-ம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வெளியே போகிற வழி எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். உன் டெக்கரேஷன்காரர் மணவறைக்குப் பின்னால் துணியும் தெர்மாகோலும் வைத்து, அதன்மேலேயே ஃபோகஸ் லைட் கட்டுகிற மாதிரி படம் அனுப்பியிருக்கிறார். லைட்டைத் துணியிலிருந்து தள்ளி, தனி ஸ்டாண்டில் நிறுத்தச் சொல். அவர் இழுக்கிற வயரை முதல் நாள் சாயங்காலம் நானே பார்த்துவிடுகிறேன்.

வாடகை போக கரண்டுக்கு யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் டீசல், க்ளீனிங், பாத்திரம், மாப்பிள்ளை வீட்டு ரூம் என்று தனித்தனியாகச் சேரும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்கிவிடலாம். சாவி வாங்கும்போது ஒரு தடவை, கொடுக்கும்போது ஒரு தடவை மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். 2020-ல் ஊரடங்கில் சித்தப்பா மகள் கல்யாணம் ஐம்பது பேரோடு வீட்டு வாசலில் நடந்ததே, அப்போது மண்டபத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வரவே இல்லை. ரசீதில் "முன்பணம்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் இல்லை. தேதி மாறினால் என்ன, நின்றுபோனால் எவ்வளவு கழிப்பார்கள் என்று இந்தத் தடவை எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்கமாட்டேன். இந்தத் தடவை வாங்குகிற ரசீதைப் பத்திரமாகவும் வைக்கணும், கல்யாணத்தைப் பதிவு செய்யும்போது உதவும். 2009-ல் வந்த சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் பதிய வேண்டும். நீங்கள் புனேக்குத் திரும்புவதற்குள் முடித்துவிடலாம்.

பூ விஷயத்தில் உன் ஆசையைக் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். மணவறை முழுக்க மல்லிகைச் சரம் தொங்கணும் என்று எழுதியிருக்கிறாய். சித்திரை, வைகாசியில் கேட்டிருந்தால் மாட்டுத்தாவணியில் கூடை கூடையாக அள்ளிவந்து போட்டிருப்பேன். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மதுரை மல்லிக்கும் பனி ஆகாது. மார்கழி, தையில் வரத்து விழுந்துவிடும், முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். பூக்காரர் இன்றைக்கு ஒரு ரேட் பேசுவார், அன்றைக்குக் காலையில் மல்லிகை மாதிரியே இருக்கிற காக்கட்டானைக் கலந்து கட்டிவிடுவார். மணவறைக்குச் சம்பங்கியும் செவ்வந்தியும் வைத்துக்கொள்வோம். மல்லிகை உன் தலைக்கும், மாலைக்கும், வருகிற பெண்களுக்குக் கொடுக்கவும். அதற்கான பூவை நானே விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மொட்டாக வாங்கிவருகிறேன்.

மேளத்தை முடிவு செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது திருப்பரங்குன்றத்தில். போன மாதம் அங்கே ஒரு கல்யாணத்தில் இரண்டு நாயனம், இரண்டு தவில் வைத்து வாசித்தார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் எழும்பியபோது, பக்கத்தில் நின்ற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாயனக்காரரிடமே, அவர் கையிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ரிசப்ஷனுக்கு நீங்கள் உள்ளே வரும்போது செண்டை மேளம் வேண்டும் என்கிறாய், தாராளமாக வை. காலையில் மட்டும் நாயனம்.

நகையையும் புடவையையும் அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொள்கிறார்கள். நகையில் எச்யுஐடி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் எண், இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

போட்டோகிராஃபர் உன் சாய்ஸ். அவர் படங்களைப் பார்த்தேன், நல்ல கண் அவருக்கு. ஆனால் இன்ஸ்டாகிராமில் இருக்கிற படத்தை எடுத்தவரே நேரில் வருகிறாரா, உதவியாளரை அனுப்புகிறாரா என்று கேட்டு எழுதி வாங்கு. எடுத்ததெல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கணும், ஒன்று அன்றைக்கே நம்ம கைக்கு வரணும்.

அவரிடம் நீயே பேசவேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. அக்காவுக்குத் தாலி கட்டும்போது கேமராக்காரர்கள் ஆறேழு பேர் மணவறைக்கு முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். பாட்டி முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்து அட்சதையைத் தூவினாள், அது ஒருவர் கேமரா பைமேல் விழுந்தது. அப்புறம் வீடியோவில்தான் பார்த்தாள். இப்போது அவளுக்கு எண்பத்துநாலு. பேத்திகளில் நீதான் கடைசி. தையில் உன் கல்யாணம் என்று தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது மண்டபத்தில் மேடைக்குப் படியில்லாமல் சரிவுப் பாதை இருக்கிறது, வீல்சேரில் ஏற்றிவிடலாம். மணவறைக்கு இடது பக்கம், உன் முகம் தெரிகிற மாதிரி, பாட்டிக்கு ஒரு நாற்காலி போடுவதற்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் ட்ரைபாட் வரக்கூடாது, முன்னால் யாரும் நிற்கவும் கூடாது. மண்டபத்துக்கு வியாழக்கிழமை வரை டைம் கேட்டிருக்கிறேன். சரி என்று நீ சொன்னால் அன்றைக்குக் காலையில் போய் அட்வான்ஸ் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா